பழைய டிரான்ஸ்மிட்டரை மேம்படுத்துவதா, புதிதே வாங்குவதா?

பிப்ரவரி 3, வாசகர் கேள்வி

ரேடியோ கன்ட்ரோல் விமானம் பறக்கவிட ஆறு சேனல் ரேடியோ, அதாவது டிரான்ஸ்மிட்டர், ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டு ஃபோம் விமானம், ஒரு கிளைடர், மூன்றும் அதில்தான் பறக்கின்றன. ரேஞ்ச் போதவில்லை என்று படுகிறது. ஆன்டெனாவை மாற்றலாமா, பவர் கூடிய மாட்யூல் (சிக்னல் அனுப்பும் பகுதி) போடலாமா, இல்லை இதை ஓரங்கட்டிவிட்டு ஓப்பன் ஃபர்ம்வேர் (யாரும் திருத்தக்கூடிய மென்பொருள்) ரேடியோ வாங்கலாமா? ஒரே வரியில் சொன்னால் நல்லது.

பிப்ரவரி 3, இரவு

ஒரே வரி: உங்களிடம் எத்தனை ரிசீவர் (விமானத்துக்குள் சிக்னல் வாங்கும் சின்னப் பெட்டி) இருக்கிறது என்று எண்ணுங்கள், பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

டிரான்ஸ்மிட்டர் மாற்றுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் கடைசியில் காசைக் கொட்டுவது ரிசீவருக்குத்தான். ஒரு கம்பெனி ரேடியோ இன்னொரு கம்பெனி ரிசீவரோடு பொதுவாகப் பேசாது. ஒரே கம்பெனிக்குள்ளும் தலைமுறை மாறினால் பேசாமல் போகலாம். 2020 வாக்கில் ஃப்ரீஸ்கை என்ற ரேடியோ கம்பெனி தன் ஏசிசிஎஸ்டி என்ற வயர்லெஸ் முறையின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. சர்வோ (இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் சின்ன மோட்டார்) தானாக அசையும் அபூர்வமான ஒரு பிழையைச் சரிசெய்ய வந்த அப்டேட் அது. போட்டே ஆக வேண்டியதுதான். ஆனால் ரேடியோவில் போட்டால் ரிசீவரிலும் போட வேண்டும், பழையதும் புதியதும் ஒட்டாது. மூன்று மாடல் வைத்திருப்பவருக்கு ஒரு சாயங்கால வேலை. அலமாரி நிறைய வைத்திருப்பவருக்கு, அதுவும் ரிசீவரை உள்ளே வைத்து ஒட்டி மூடிவிட்டவருக்கு, தண்டனை.

உங்களுக்கு மூன்றே மூன்று. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம். ரேஞ்சுக்காக மட்டும் போகாதீர்கள். ஏன் என்று நாளைக்கு.

பிப்ரவரி 4

ஒரு மீட்டர் இறக்கை உள்ள விமானம் 500 மீட்டர் தள்ளிப் போனால் எவ்வளவு பெரிதாகத் தெரியும்? முழு நிலாவின் அகலத்தில் கால் பங்குகூட இராது. வருகிறதா போகிறதா, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஒன்றும் பிடிபடாது. ஒழுங்காக வேலை செய்யும் சாதாரண 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் அந்தத் தூரத்தைச் சமாளித்துவிடும். அதற்கு முன்பே சிக்னல் அறுகிறது என்றால் பவரைச் சந்தேகிக்காமல் ரிசீவரின் ஆன்டெனாவைப் பாருங்கள்.

ரிசீவரிலிருந்து வரும் ஒயரின் நுனியில் கொஞ்சம் உறை உரித்து விட்டிருப்பார்கள் அல்லவா, சுமார் 31 மி.மீ.? அதுதான் ஆன்டெனா. 2.4-இல் அலைநீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர், அதில் கால் பங்கு. மிச்ச ஒயரெல்லாம் சிக்னலைச் சுமந்து போகிற பாதை, அவ்வளவே. அதைச் சுருட்டி வைத்தாலும் பரவாயில்லை. அந்த 31 மி.மீ. மடங்கியிருந்தால், பேட்டரிக்கு அடியில் நசுங்கிக் கிடந்தால், கார்பன் குழாயோடு சேர்த்து டேப் சுற்றியிருந்தால் எந்த ரேடியோ வாங்கியும் பயனில்லை. இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றை நெடுக்காகவும் மற்றதைக் குறுக்காகவும் வையுங்கள். கிளைடர் என்கிறீர்கள், மூக்கு கார்பனா என்று பாருங்கள். கார்பன் என்றால் உள்ளே வைத்த ஆன்டெனா பெட்டிக்குள் பூட்டிய மாதிரி. என் கிளைடரில் நுனிகள் இரண்டையும் உடம்புக்கு வெளியே எடுத்து, மெல்லிய பிளாஸ்டிக் குழலில் நுழைத்து விட்டிருக்கிறேன். பார்க்க மீசை முளைத்த மாதிரி இருக்கும். இருக்கட்டும்.

இன்னொன்று, டிரான்ஸ்மிட்டர் பக்கம். ஆன்டெனா நுனியை விமானத்துக்கு நேராக நீட்டிக் குறிபார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நுனி காட்டும் திசையில்தான் சிக்னல் ஆகக் குறைவு, பக்கவாட்டில்தான் அதிகம். மடக்கிக் குறுக்காக வையுங்கள்.

இவ்வளவையும் செய்துவிட்டு ரேஞ்ச் செக் (தள்ளி நின்று சிக்னல் எட்டுகிறதா என்ற சோதனை) போடுங்கள். விமானத்தைப் புல்லில் கிடத்திச் செய்யாதீர்கள், இடுப்பு உயரத்துக்கு எதன் மேலாவது வையுங்கள். தரையில் கிடக்கும் மாடல் எப்போதும் மோசமான கணக்கைத்தான் காட்டும்.

பிப்ரவரி 4, அரை மணி கழித்து

"அப்போ பவரே வேண்டாமா அண்ணே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லவில்லை தம்பி, கணக்கைப் பாருங்கள் என்கிறேன். தூரம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் பவர் நான்கு மடங்காக வேண்டும். 100 மில்லிவாட்டை 400 ஆக்கினால் கிடைப்பது 6 டெசிபல். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் ரேடியோ முறையில், 2.4-இல், பாக்கெட் வேகத்தை (செகண்டுக்கு எத்தனை முறை அனுப்புகிறது என்பதை) 250 ஹெர்ட்ஸிலிருந்து 50-க்குக் குறைத்தால் ரிசீவரின் உணர்திறன் மைனஸ் 108-இலிருந்து மைனஸ் 115 டிபிஎம்முக்கு இறங்குகிறது, அதாவது இன்னும் மெலிந்த சிக்னலும் அதற்குக் கேட்கும். 7 டெசிபல். மெனுவில் ஒரு வரி. மாட்யூல் சூடாகாது, பேட்டரியும் தின்னாது. பந்தய ட்ரோனுக்கு 50 ஒத்துவராது, கிளைடருக்கு எதேஷ்டம்.

பவருக்குச் சட்டமும் உண்டு. ஐரோப்பாவில் 2.4-க்கு 100 மில்லிவாட்தான் எல்லை, அதோடு அனுப்புவதற்கு முன் அலைவரிசை காலியா என்று கேட்டுவிட்டு அனுப்பும் எல்பிடி முறையும் வேண்டும். அவரவர் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 7

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். மேம்படுத்த வேண்டியது கை படும் இடத்தை. கிம்பலை, அதாவது ஸ்டிக்கைத் தாங்கி ஆடும் அமைப்பை.

பழைய ரேடியோவில் ஒவ்வொரு ஸ்டிக்குக்கும் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர். வட்டமான கார்பன் பாதை, அதன் மேல் ஊர்ந்து போகும் சின்ன உலோக விரல். என் பழைய ரேடியோவில் எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மடிப்பு) அச்சின் பொட்டென்ஷியோமீட்டரைக் கழற்றி மூடியை நெம்பித் திறந்தேன். மற்ற இடத்திலெல்லாம் மங்கலாகக் கறுப்பாக இருந்த பாதை, நடுவில் மட்டும் நகம் அகலத்துக்குப் பளபளவென்று தேய்ந்திருந்தது. அந்தப் பளபளப்பின் விளிம்பில் கறுப்புத் தூள். நடுவில் மட்டும் ஏன்? ஸ்டிக் பெரும்பாலான நேரம் நிற்பதும், நம் கட்டைவிரல் சன்னமாகத் திருத்துவதும் அங்கேதானே. நேராகப் பறக்க வேண்டிய இடத்தில்தான் தேய்மானம்.

இதைத் திறக்காமலே பார்க்கலாம். சேனல் மானிட்டர் பக்கத்தைத் திறந்து, ஸ்டிக்கை ஆமை வேகத்தில் நடுவைத் தாண்டி நகர்த்துங்கள். எண் ஒழுங்காக ஏறினால் பாதை நன்றாயிருக்கிறது. 3, 4, 9, 2, 6 என்று குதித்தால் கார்பன் போய்விட்டது. ஸ்டிக்கை ஒரு பக்கம் தள்ளி மெதுவாக நடுவுக்கு விடுங்கள், அடுத்து மறுபக்கம். இரண்டு தடவையும் ஒரே எண்ணில் வந்து நிற்கிறதா? நிற்காவிட்டால் ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் டிரிம் (நடுநிலைத் திருத்தம்) தேடிக்கொண்டிருப்பீர்கள். "இன்றைக்குக் காற்று சரியில்லை" என்று வேறு சொல்வீர்கள்.

ஹால் கிம்பலில் உரசும் பாதையே கிடையாது. ஒரு காந்தம் சுற்றுகிறது, சென்சார் அதன் புலத்தை அளக்கிறது. பேரிங் தேயலாம், ஸ்பிரிங் தளரலாம், நடு மட்டும் நகராது. மாற்றும்போது ஒவ்வொரு அச்சுக்கும் மூன்று ஒயர்: மின்சாரம், தரை, சிக்னல். எந்த வரிசையில், எத்தனை வோல்ட் என்பதைப் பழைய பிளக்கில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் புதியதைச் சொருக வேண்டும். பிளக் நுழைகிறது என்பது ஒரு சாட்சி ஆகாது. மாற்றியதும் காலிபிரேஷன்.

ஸ்பிரிங் இறுக்கம் தனி ருசி. கட்டைவிரல் மட்டும் வைத்துப் பறப்பவர்கள் தளர்வாகவும், இரண்டு விரலால் கிள்ளிப் பிடிப்பவர்கள் கொஞ்சம் இறுக்கமாகவும் வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 8

"கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போதாதா?" தூசிதான் காரணம் என்றால் போதும். கார்பனே போய்விட்ட இடத்தில் கிளீனர் என்ன செய்யும்? உள்ளே இருந்த மசகையும் கழுவிக்கொண்டு போய்விடும். கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், பிறகு முன்னைவிட மோசம்.

பிப்ரவரி 12

மாட்யூல் பற்றி. முதுகில் ஜேஆர் வகை மாட்யூல் குழி (வெளி மாட்யூலைச் சொருகும் இடம்) உள்ள ரேடியோ வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஃப்ளைஸ்கை டிஎச்9எக்ஸ் என்ற ஒன்பது சேனல் ரேடியோவை நினைவிருக்கிறதா? டர்னிஜி 9எக்ஸ் என்றும் விற்றார்கள். அதற்குள் இருந்தது ஒரு ஏடிமெகா64 சிப். ஆர்வலர்கள் போர்டில் ஆறு ஒயரைப் பற்றவைத்து, கம்பெனி மென்பொருளை அழித்துவிட்டுத் தாங்களே எழுதியதை ஏற்றினார்கள். இஆர்9எக்ஸ், ஓப்பன்9எக்ஸ் என்று போய் ஓப்பன்டிஎக்ஸ் ஆனது, அதிலிருந்து 2021-இல் எட்ஜ்டிஎக்ஸ் பிரிந்தது. இன்று பெட்டியைத் திறந்ததும் எட்ஜ்டிஎக்ஸோடு வரும் ரேடியோக்களுக்கெல்லாம் பூட்டன் அந்த 9எக்ஸ்தான்.

குழி இருந்தால் நான்கு சிப் மல்டி மாட்யூல் ஒன்றைச் சொருகுங்கள். ஏ7105 சிப் ஃப்ளைஸ்கையோடு பேசும், சிசி2500 ஃப்ரீஸ்கையோடு, சிஒய்ஆர்எஃப்6936 ஸ்பெக்ட்ரம் கம்பெனியின் டிஎஸ்எம் முறையோடு, என்ஆர்எஃப்24எல்01 பெரும்பாலும் பொம்மை ட்ரோன்களோடு. கையிலிருக்கும் ரிசீவர்களை ஒன்றையும் வீசாமல் ஒரே ரேடியோவுக்குள் கொண்டுவரும் வழி இது.

பழைய ரேடியோ மாட்யூலுக்கு பிபிஎம் (துடிப்பு வரிசை) மட்டும் கொடுக்குமா, சீரியலும் (டிஜிட்டல் தகவல்) கொடுக்குமா என்பது முக்கியம். பிபிஎம்மில் எட்டு சேனலும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போக வேண்டும், ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். சீரியலில் அந்தத் தாமதமும் இல்லை, ரேடியோ திரையிலேயே புரோட்டோகால் தேர்ந்தெடுக்கலாம், டெலிமெட்ரியும் (விமானத்திலிருந்து வரும் தகவல்) திரும்பி வரும். மாட்யூல் மேல் சுழலும் குமிழ் ஒன்று இருக்கும். 0-இல் வைத்தால் சீரியல், மற்ற எண்கள் பிபிஎம்முக்கு. "மாட்யூல் செத்துப் போச்சு" என்று வரும் புலம்பல்களில் ஒரு பகுதி இந்தக் குமிழ்தான்.

எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் மாட்யூலுக்கு பிபிஎம்மே பிடிக்காது, சிஆர்எஸ்எஃப் என்ற சீரியல் வகையைக் கேட்கும். பழைய ரேடியோவில் அதைச் சொருகிவிட்டு விழித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பிப்ரவரி 13

கேள்வி கேட்டவர் படம் அனுப்பியிருக்கிறார். குழி இல்லை. டிரெய்னர் சாக்கெட் (பயிற்சிக்கு இன்னொரு ரேடியோவை இணைக்கும் துளை) மட்டும் இருக்கிறது. ரிசீவர்கள் ஃப்ளைஸ்கையின் ஏஎஃப்எச்டிஎஸ் 2ஏ வகை.

டிரெய்னர் சாக்கெட்டிலிருந்து பிபிஎம் எடுத்து வெளியே ஒரு மாட்யூலைத் தொங்கவிடலாம். செய்தவர்கள் இருக்கிறார்கள், மேசையில் அழகாக வேலை செய்யும். மைதானத்தில் அந்த ஒயர் சட்டை பட்டனில் மாட்டி உருவிக்கொண்டு வந்தால் கையில் இருப்பது வெறும் பெட்டி. எனக்கு ஒப்பவில்லை.

ஆகவே நேற்று எழுதியதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். இவருக்கு மாட்யூல் வழி இல்லை, புதிய ரேடியோதான். ஆனால் எது? உள்ளே எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் மட்டும் இருக்கும் மாடலை எடுத்தால் மூன்று ரிசீவரும் அன்றைக்கே காகித எடை. உள்ளே நான்கு சிப் மல்டி, முதுகில் காலிக் குழி, ஹால் கிம்பல், இந்த மூன்றும் உள்ளதை எடுங்கள். பழைய மூன்று மாடலும் உள் மாட்யூலில் ஓடும். அடுத்து வாங்கும் விமானத்துக்கு வேண்டுமானால் குழியில் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் போட்டுக்கொள்ளலாம். ரிசீவர்கள் தாமாகச் சாகும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள், அவசரம் இல்லை.

பிப்ரவரி 15

ஆன்டெனா மட்டும் மாற்றுகிறேன் என்பவர்களுக்கு: எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என்று இரண்டு கனெக்டர். மரை இரண்டிலும் ஒன்றே, நடு ஊசி மட்டும் இடம் மாறியிருக்கும். ஒன்றின் ஆன்டெனாவை மற்றதில் திருகினால் அழகாக ஏறி இறுகும், ஆனால் நடுவில் ஊசியே தொடாமல் போகலாம். ஆன்டெனா இல்லாமல் பவர் போட்டதற்குச் சமம், அனுப்பும் சிப் வெந்துபோக வாய்ப்புண்டு. திருகுவதற்கு முன் இரண்டு பக்கமும் உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் ஊசி, ஒரு பக்கம் துளை. இரண்டும் துளை என்றால் விலக்குங்கள். இரண்டும் ஊசி என்றால் பலவந்தம் செய்யாதீர்கள்.

பிப்ரவரி 19

பேட்டரி. நான்கு ஏஏ செல் போடும் ரேடியோவில் இரண்டு செல் லித்தியம் பேக் போடலாமா என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள். புத்தம்புது ஆல்கலைன் நான்கு சேர்ந்தால் 6.4 வோல்ட் பக்கம். இரண்டு செல் லித்தியம் அயான் முழுசார்ஜில் 8.4. மிகுதி வோல்டேஜ் ரெகுலேட்டரில் சூடாகத்தான் கழியும். ரேடியோவின் கையேடு அனுமதித்தால் ஒழிய வேண்டாம். சார்ஜ் கசியாத ரக நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு நான்கு வாங்கிப் போட்டால் தீர்ந்தது. ஆனால் அலாரத்தை ஆல்கலைன் கணக்கில் விடாமல் 4.4 வோல்ட் பக்கம் வையுங்கள்.

செல் மாற்றும்போது டப்பாவின் ஸ்பிரிங்குகளையும் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் செல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வோல்டேஜ் அங்கேயே விழும்.

புதிய ரேடியோவில் 18650 செல்லுக்கு இடம் இருந்தால் நீளத்தைக் கவனியுங்கள். பெயரில் உள்ள 65 என்பது மில்லிமீட்டர். பாதுகாப்பு சர்க்யூட் வைத்த செல் அதைவிடச் சில மி.மீ. நீளம், அமுக்கித் திணித்தால் தொட்டியின் தகடு வளையும். இங்கும் அலாரம் உங்கள் வேலை. 6.8 வோல்ட்டில் கத்தச் சொல்லுங்கள், இறக்கித் தரையிறக்க நேரம் இருக்கும்.

பிப்ரவரி 24

வாங்கிவிட்டாராம். வாழ்த்துகள். "பைண்ட் ஆகிவிட்டது, ஆனால் மோட்டார் ஆர்ம் ஆகவில்லை, இஎஸ்சி பீப் பீப் என்று கத்திக்கொண்டே இருக்கிறது" என்கிறார். (பைண்ட் என்றால் ரேடியோவும் ரிசீவரும் ஜோடி சேர்வது, ஆர்ம் என்றால் மோட்டார் ஓடத் தயாராவது, இஎஸ்சி என்றால் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்.) முதலில் புரொப்பெல்லரைக் கழற்றுங்கள். கழற்றிவிட்டு மேலே படியுங்கள்.

சேனல் வரிசை. ஃபுட்டாபா வழியில் எய்லரான், எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்குவது), த்ராட்டில் (மோட்டார் வேகம்), ரட்டர் (வாலில் திசை திருப்புவது). ஜேஆர், ஸ்பெக்ட்ரம் வழியில் த்ராட்டில் முதலில், பிறகு எய்லரான், எலிவேட்டர், ரட்டர். உங்கள் இஎஸ்சி மூன்றாம் சாக்கெட்டில் இருக்கிறது. புதிய ரேடியோ இரண்டாம் வரிசையில் இருந்தால் மூன்றில் வருவது எலிவேட்டர். அது நடுவில் நிற்கிறது, இஎஸ்சிக்கு அது பாதி த்ராட்டில், ஆகவே பயந்து கத்துகிறது. இதுவரை பரவாயில்லை. யாராவது "சர்வோ ஆடுகிறதா பார்ப்போம்" என்று எலிவேட்டர் ஸ்டிக்கை ஒரு கோடிக்குத் தள்ளினால் இஎஸ்சி அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு ஆர்ம் ஆகும். கையை விட்டதும் ஸ்பிரிங் நடுவுக்கு இழுக்கும், மோட்டார் பாதி வேகத்தில் எகிறும். அதனால்தான் புரொப்பெல்லரைக் கழற்றச் சொன்னேன்.

மாடலை அமைக்கும் முன்பே ரேடியோ அமைப்பில் இயல்பு வரிசையை முடிவு செய்துவிடுங்கள். பிறகு உருவாக்கும் ஒவ்வொரு மாடலும் அதையே பின்பற்றும்.

பிப்ரவரி 25

ஆர்ம் ஆயிற்றாம். இனி ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் அறுந்தால் விமானம் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு. பழைய ரேடியோவில் வைத்திருந்தேனே என்றால், அந்த அமைப்பு புதிய ரேடியோவோடு வராது. புரொப்பெல்லர் இல்லாமல் த்ராட்டிலைக் கொஞ்சம் ஏற்றி, மோட்டார் ஓடும்போதே ரேடியோவை அணையுங்கள். மோட்டார் நிற்க வேண்டும். கடைசி நிலையிலேயே ஓடிக்கொண்டிருந்தால் ரிசீவர் "ஹோல்ட்" முறையில் இருக்கிறது, அதை மாற்றாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள். கிளைடருக்கு மோட்டார் நிறுத்தம் மட்டும் போதாது. சற்றே ரட்டரும் சேர்த்து வைத்தால் பெரிய வட்டம் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இறங்கும், நேராகப் பக்கத்து ஊருக்குப் போகாது.

பின்னால் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ்ஸுக்கு வரும்போது ஒரு பொறி காத்திருக்கிறது, இப்போதே சொல்லி வைக்கிறேன். அதன் வழக்கமான ஹைப்ரிட், வைட் என்ற சுவிட்ச் முறைகளில் ஐந்தாம் சேனல் ஆர்ம் சுவிட்சுக்கு என்று ஒதுக்கப்பட்டது. இரண்டே நிலை. விமானக்காரர்கள் பழக்கதோஷத்தில் ஃப்ளாப்பை (இறங்கும்போது கீழே இறக்கும் இறக்கை மடிப்பை) ஐந்தில் வைப்பார்கள். பாதி ஃப்ளாப் என்று ஒன்று வரவே வராது, முழுதும் மேலே, இல்லை முழுதும் கீழே. சர்வோவைக் குற்றம் சொல்லாதீர்கள், ஃப்ளாப்பை ஆறுக்கு மாற்றுங்கள்.

மார்ச் 2

கொஞ்சம் வேறு பேச்சு. 2.4 வருவதற்கு முன்னால் இந்தக் கவலை எதுவும் கிடையாது, வேறு கவலை. ஐரோப்பாவில் 35 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 72. ஆளுக்கொரு கிரிஸ்டல் (அலைவரிசையை நிர்ணயிக்கும் சின்னத் துண்டு). கழுத்தளவு நீளும் டெலஸ்கோப் ஆன்டெனா. மைதானத்தில் ஒரு பலகை, அதில் அலைவரிசை எண் எழுதிய கிளிப்புகள். உங்கள் எண்ணின் கிளிப் உங்கள் கையில் இல்லாமல் ரேடியோவை ஆன் செய்தால், அதே எண்ணில் பறந்துகொண்டிருந்தவரின் விமானம் தரைக்கு வரும், பின்னாலேயே அவரும் வருவார். 2005-இல் ஸ்பெக்ட்ரம் டிஎக்ஸ்6 வந்த பிறகு சில வருடங்களுக்குள் கிளிப் பலகைகள் வேலையிழந்தன. ரேடியோ உலகத்தில் நிஜமான மேம்பாடு என்று நான் ஒப்புக்கொள்வது அந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் சௌகரியம்.

மோடு 1, மோடு 2 சண்டையை இங்கே ஆரம்பிக்க வேண்டாம் என்று இரண்டு தரப்பையும் கேட்டுக்கொள்கிறேன். வலது கையில் த்ராட்டில் வைத்தவரும் இடது கையில் வைத்தவரும் ஒரே மைதானத்தில்தான் இறக்குகிறார்கள்.

மார்ச் 9

எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் ரிசீவர் ஒன்றும் வாங்கிவிட்டார் கேள்விக்காரர். வேகம்தான். "பைண்டிங் ஃப்ரேஸ் என்ன வைக்கலாம், டெஸ்ட் என்று வைத்தால் போதுமா?" என்கிறார்.

போதாது. அந்தச் சொற்களிலிருந்துதான் ரேடியோவும் ரிசீவரும் தங்கள் பொது அடையாளத்தை உருவாக்கிக்கொள்கின்றன. அதே மைதானத்தில் இன்னொருவரும் சோம்பேறித்தனமாக "டெஸ்ட்" என்று வைத்திருந்தால் அவர் ரேடியோ உங்கள் விமானத்தோடு பேசும். வேறு யாருக்கும் தோன்றாத நாலு சொல்லைச் சேர்த்து எழுதுங்கள். உங்கள் எல்லா ரிசீவருக்கும் அதே ஃப்ரேஸ் போதும், ஆனால் ரேடியோ மெனுவில் மாடல் மேட்ச்சை ஆன் செய்து, ஒவ்வொரு மாடலுக்கும் தனி ரிசீவர் எண் கொடுங்கள். கிளைடர் மாடலைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு ஃபோம் விமானத்தின் பேட்டரியைச் சொருகினால் அப்போது ஒன்றும் அசையாது. பழுது என்று நினைத்து ரிசீவரைக் கழற்ற வேண்டாம், முதலில் திரையில் மாடல் பெயரைப் பாருங்கள்.